எடிட்டர் இல்லாத படத்தின் எடிட்டர்

ஒட்டு என்பது அவருடைய பெயர் அல்ல. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறொன்று இருக்கிறது. அது எங்கே இருந்திருக்க வேண்டும், எங்கே இல்லாமல் போனது என்பதுதான் கதையே. ஆகவே இங்கேயும் அதைப் போடாமல் விடுவதே முறை.

படச்சுருளைக் கையால் வெட்டி ஒட்டிய காலத்தில் அவர் எடிட்டர். இரண்டு முனைகளைச் சேர்த்து டேப் போட்டு அழுத்தினாரென்றால் விரலால் தடவினாலும் தடம் தெரியாது. அவர் போட்ட ஒட்டு ஓடும்போது பிரிந்ததாக ஒரு தியேட்டரிலிருந்தும் புகார் வந்ததில்லை. எடிட்டிங் அறையில் வைத்த பட்டப்பெயர் தெருவரைக்கும் வந்து, வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. மனைவி மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டார். "சட்டையில பட்டன் தைக்கத் தெரியாது, இவரு ஒட்டாம்" என்பார்.

அவர் தனியாக எடிட் செய்த முழுநீளப் படம் ஒன்றே ஒன்று. பெயர் 'பொம்மைக்குப் பசிக்காது'. பசியைச் சிலையாக வடிக்க வேண்டும் என்று அலைகிற ஒரு சிற்பி, வயிற்றுப்பாட்டுக்காகத் துணிக்கடைப் பொம்மை செய்யப் போகிறான். கடைக்காரர் பொம்மைக்குச் சிரிப்பு வேண்டும் என்கிறார், இடுப்பு வேண்டும் என்கிறார், கடைசியில் பொம்மையே வேண்டாம், நீயே வெள்ளை பூசிக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் நில் என்கிறார். நகைச்சுவைப் படம். கலைஞன் எப்படியெல்லாம் வளைகிறான் என்று கேலி செய்ய வந்தவர்கள், படம் முடிவதற்குள் அதில் வருகிற வளைவுகளை எல்லாம் ஒன்றுவிடாமல் தாங்களே வளைந்து முடித்தார்கள். தயாரிப்பாளர் மெத்தை வியாபாரி. அதனால் பட்டினி கிடக்கும் சிற்பியின் வீட்டில் அடுப்பு கிடையாது, நாற்காலி கிடையாது, மெத்தை மட்டும் மூன்று இருந்தது.

மெத்தை முதலாளி படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, பாட்டு எங்க?" என்றார்.

"இது பாட்டு இல்லாத படம் சார்" என்றார் இயக்குநர்.

"பாட்டு இல்லாத படத்துக்கு நான் இல்லாத முதலாளி" என்றார் அவர்.

ஆறாவது ரீலில் பாட்டு என்று முடிவானது. நீளம் நாலு நிமிஷம் பதினொரு நொடி. மெட்டு வரவில்லை, ஆட்டக்காரர்கள் வரவில்லை, நீளம் மட்டும் வந்தது.

இப்படி ஒரு துண்டு வராதபோது எடிட்டிங் அறையில் ஒரு வழக்கம் உண்டு. அந்த நீளத்துக்கு வெற்று ஃபிலிமை ஒட்டி வைப்பார்கள். வெற்று ஃபிலிம் இல்லையென்றால் கழித்துப்போட்ட துண்டு எதையாவது ஒட்டி, அதன் மேல் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் நெடுகப் பெருக்கல் குறி போடுவார்கள். குறி இருந்தால் இது படம் அல்ல, வெறும் இடம் என்று, பிரிண்ட் எடுக்கும் லேபில் இதைப் பார்த்து நெகட்டிவ் வெட்டுகிறவருக்குத் தெரியும். ஒட்டு கையில் அன்று வெற்று ஃபிலிம் இல்லை. கழிவுக் கூடையில் ஒரு நீளத்துண்டு கிடந்தது. சிற்பியாக நடித்தவர் உடம்பெல்லாம் வெள்ளைப் பொடியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். விளக்கு சரிசெய்யக் காத்திருக்கும் நேரம். கேமராவை நிறுத்த யாரோ மறந்திருக்கிறார்கள். பொடி அரிக்கிறது. முதுகைச் சொறிகிறார். எட்டாத இடத்துக்குக் கதவு நிலையில் தேய்க்கிறார். ஒருமுறை கேமராவையே பார்த்து ஏதோ கேட்கிறார். மறுபடி சொறிகிறார். ஒட்டு அதை அளந்து ஒட்டினார். மெழுகுப் பென்சிலையும் எடுத்தார்.

"அதைக் கீழ வைய்யா" என்றார் இயக்குநர். "சாயங்காலம் முதலாளிக்குப் போட்டுக் காட்டணும். கோடு கோடாத் தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்."

ஒட்டு பென்சிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் வாழ்க்கையில் செய்த தப்பு இது ஒன்றுதான், அதையும் சொன்னபடி செய்தார். மறுநாள் ரீலை லேபில் கொடுக்கும்போது, "ஆறுல ஒரு இடம் பாட்டுக்கு, அதைத் தொடாதீங்க" என்று வாயால் சொன்னார். கேட்டுக்கொண்டவர் அடுத்த நாள் லீவு. வேறொருவர் உட்கார்ந்தார். குறி இல்லை, ஆகவே படம் என்று நினைத்து நெகட்டிவிலும் அப்படியே வெட்டிச் சேர்த்துவிட்டார். ஒலி சேர்ப்பவருக்கு அந்த இடம் ஊமையாகக் கிடப்பது பொறுக்கவில்லை. ஒரு மின்விசிறிச் சத்தத்தைப் போட்டு வைத்தார். பாட்டை லேபுக்கு நேராக அனுப்பிவிட்டார்கள் என்று இயக்குநர் நினைத்தார். இயக்குநர் அனுப்பியிருப்பார் என்று முதலாளி நினைத்தார். ரிலீஸ் அன்று, பாட்டுக்காகக் காத்திருந்த ஜனங்கள், ஒரு மனிதன் நாலு நிமிஷம் பதினொரு நொடி முதுகு சொறிவதை மின்விசிறிச் சத்தத்தோடு பார்த்தார்கள்.

படம் மூன்று நாள் ஓடியது. மூன்றாவது நாள், வேறு படம் மாற்றத் தியேட்டர்க்காரருக்கு அலுப்பாக இருந்ததால் ஓடியது. முதல் நாளே முதலாளி ஆபரேட்டர் அறைக்கு ஏறிப்போய், "எடிட்டிங்னு ஒருத்தன் பேரு வருதே, அதை வெட்டு" என்றார். ஆபரேட்டர் வெட்டினார். அந்தப் படத்திலேயே பிசிறில்லாமல் விழுந்த வெட்டு அதுதான்.

பிறகு ஒட்டுக்கு ஒரு படமும் வரவில்லை. "பாட்டு கேட்டா முதுகைக் காட்டுவாரே, அவரா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள், டீ கொடுப்பார்கள், அனுப்பிவிடுவார்கள். ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஒரு அறை பிடித்தார். கல்யாண வீடியோ, பணி ஓய்வு விழா, பள்ளி ஆண்டு விழா. விருந்தில் மெல்லுகிறவர்களை வாய் மூடியிருக்கும் நொடி பார்த்து வெட்டுவதில் அவருக்கு நிகர் கிடையாது என்று பெயர். பெயர் என்றால் பேச்சுக்கு. வீடியோவின் முடிவில் கடையின் பெயர்தான் வரும்.

பதினைந்து வருஷம் கழித்து, ஒரு கல்லூரித் திரைப்படச் சங்கம் அந்தப் படத்தைக் கண்டெடுத்தது. அதே தியேட்டரின் கிடங்கில் மிச்சமிருந்த ஒரே பிரிண்ட். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆறாவது ரீல் வந்தது. சிரிப்பு நின்றது. அப்புறம் ஒருவன் எழுந்து கை தட்டினான். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு ஞாயிறு, காலைக் காட்சி. ஆறாவது ரீல் வந்ததும் அரங்கமே எழுந்து நின்று நாலு நிமிஷம் பதினொரு நொடி முதுகு சொறியும். வெகுஜன ரசனைக்குப் பாட்டை மறுத்த மாபெரும் மௌனம் என்று கட்டுரை எழுதினார்கள். மின்விசிறியின் சுழற்சிதான் மூலதனத்தின் சுழற்சி என்று ஒருவர் எழுதினார், அதற்கு மறுப்பு எழுதினவரும் உண்டு. சிற்பி கேமராவைப் பார்த்து என்ன கேட்கிறான் என்பதற்கு ஐந்து கொள்கைகள், ஐந்து கோஷ்டிகள். இரண்டு கோஷ்டிகளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

டைட்டிலில் எடிட்டர் பெயரே இல்லை என்பதையும் கவனித்தார்கள். அது இன்னும் பெரிய புரட்சி. 'எடிட்டர் இல்லை' என்று பனியன் அடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

அந்தப் பனியனை ஒட்டு முதன்முதலில் பார்த்தது தன் வீட்டுக் கொடியில். கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதமான மகள் துவைத்துப் போட்டிருந்தாள்.

"இது என்னம்மா?" என்றார்.

"ஒரு படம்ப்பா. உங்களுக்குப் புரியாது. கல்யாண வீடியோ மாதிரி இருக்காது."

உள்ளேயிருந்து மனைவி வந்தார். பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவர். வலிக்கிறது என்பவரையும் நடிக்கிறவரையும் வாசலிலேயே பிரித்துவிடுவார்.

"அது உங்கப்பா வேலை பார்த்த படம்டி. அந்த முதுகு சொறியுறதை ஒட்டினதே இவருதான். தப்பா ஒட்டி, இருபது வருஷமா அதை அனுபவிக்கிறோம்."

மகள் சிரித்தாள். "போம்மா. அந்த ஷாட்டுக்காக டைரக்டர் தயாரிப்பாளர்கிட்ட எவ்வளவு சண்டை போட்டார் தெரியுமா? என் பொணத்து மேலதான் பாட்டு வரும்னு சொன்னாராம். பேட்டியிலேயே இருக்கு."

"பேட்டியில இருந்தா சரிதான்" என்றார் மனைவி. "வீட்டுல இருக்கறது பொய்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். எங்கேயாவது ஒரு இடத்தில் பெயர் இருந்திருந்தால் காட்டியிருக்கலாம். ஒட்டு பனியனைத் திருப்பிப் போட்டு க்ளிப் மாட்டினார். அன்றைக்குத்தான் அவருக்கு அந்த ஆசை வந்தது. படம் வேண்டாம், பாராட்டு வேண்டாம். தன் பெயர் திரையில் வர வேண்டும், அதை மகள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு மனிதன் ஆசைப்படக்கூடிய மிகச் சின்ன விஷயம் அது. அதனால்தான் அது அவ்வளவு விலை கேட்டது.

இரண்டு வருஷத்தில் வாய்ப்பு தானாக வீடு தேடி வந்தது, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு. இயக்குநர். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"ஒட்டு! அப்படியே இருக்கியேய்யா."

"நீங்கதான் சார் மாறிட்டீங்க. பேட்டியில பார்த்தேன்."

இயக்குநர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படத்தைப் புதுப்பித்து டிஜிட்டலில் வெளியிடப் போகிறார்களாம். நெகட்டிவ் எப்போதோ அழிந்துவிட்டது. பிரிண்டில் ஆறாவது ரீல் ஓடி ஓடிக் கந்தலாகி, நாலு நிமிஷத்தில் ஒன்றரை நிமிஷம்தான் தேறுகிறது. "உன்கிட்ட எடிட்டிங் காப்பி இருக்கும். நீ எதையும் தூக்கிப்போட மாட்டே. எனக்குத் தெரியும்."

கட்டிலுக்கு அடியில் இருந்தது. தகர டப்பாவில் ரீல் ஆறு. ஒட்டு அதை இழுத்து வெளியே வைத்துவிட்டு மூடி மேல் கையை வைத்துக்கொண்டார்.

"என் பேரு வரணும் சார்."

"எங்க?"

"டைட்டில்ல. எடிட்டிங்னு போட்டு."

"இவ்வளவுதானா? போட்டுட்டாப் போச்சு. ஆனா ஒண்ணு ஒட்டு, அந்த ஷாட்டு தப்புல வந்ததுன்னு எவன்கிட்டயாவது..."

"தப்பா சார்? பென்சிலைக் கீழ வைக்கச் சொன்னது நீங்க."

"பழசை எதுக்குய்யா கிளறுறே? உனக்குப் பேரு, எனக்குப் படம். முடிஞ்சுது."

மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "எழுதி வாங்கிக்கங்க" என்றார் கணவரிடம், இயக்குநர் எதிரிலேயே.

"வாய்வார்த்தை போதும்மா, நாங்கல்லாம் அந்தக் காலத்து ஆளுங்க" என்றார் இயக்குநர்.

"வாய்வார்த்தையாலதான் இவரு இங்க உக்காந்திருக்காரு" என்றார் மனைவி.

ஆனாலும் டப்பா போயிற்று. சொன்ன வார்த்தையை இயக்குநர் காப்பாற்றவும் செய்தார். அதுதான் இதில் உள்ள கொடுமை.

புதுப் பிரதியின் முதல் காட்சி. ஞாயிறு காலை, அரங்கம் நிறைந்துவிட்டது. ஒட்டு இஸ்திரி போட்ட சட்டையில் முதல் வரிசை ஓரத்தில். பக்கத்தில் மனைவி. மகள் நண்பர்களோடு நாலு வரிசை தள்ளி. "ஆரம்பத்துலயே பாரு, லேட்டா வராதே" என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தார்.

விளக்கு அணைந்தது. டைட்டில் ஓடியது. ஒளிப்பதிவு. கலை. பிறகு, கறுப்பில் வெள்ளையாக, எடிட்டிங் என்ற சொல்லும் அதன் கீழே பெற்றவர்கள் வைத்த பெயரும் வந்து நின்றன.

அப்புறம் அரங்கம் வெடித்தது. விசில், கால் தட்டல், பனியனைக் கழற்றிச் சுழற்றுகிறார்கள். 'எடிட்டர் இல்லை' என்று மார்பில் எழுதிக்கொண்டு பல வருஷமாக வருகிறவர்களுக்கு, திடீரென்று ஒரு எடிட்டரை முளைக்க வைத்தது இயக்குநர் புதிதாகச் சேர்த்த நகைச்சுவை. படத்திலேயே பெரிய நகைச்சுவை. யாரோ கத்தினார்கள்: "பேரைப் பாருடா! எங்கருந்துடா பிடிச்சார் இந்தப் பேரை!"

ஒட்டு திரும்பிப் பார்த்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் வந்த சிரிப்பு. பெயரைப் படித்து முடித்ததும் கை மட்டும் வாயிலேயே நின்றது. அதற்குள் கார்டு மாறிவிட்டது. ஒரு பெயருக்குத் திரையில் மூன்று நொடி. அது அவருக்கே நன்றாகத் தெரியும்.

படம் முடிந்து கேள்வி நேரம். சங்கத்துச் செயலாளர் பெண், "எடிட்டர் வந்திருக்காராம்!" என்று சிரித்துக்கொண்டே மைக்கை நீட்டினாள். மனைவி அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். அவர் விடுவித்துக்கொண்டு ஏறினார்.

எல்லாவற்றையும் சொன்னார். வெற்று ஃபிலிம் இல்லாதது. கழிவுக் கூடை. மெழுகுப் பென்சில். லீவு போட்டவர். மின்விசிறி. நடிகர் கேமராவைப் பார்த்துக் கேட்டது உலகத் துயரம் இல்லை, "டீ வந்துச்சா?" என்பதுதான் என்று சொன்னபோது ஐந்து கோஷ்டிகளும் ஒன்றாக விழுந்து சிரித்தன. "அது என் தப்பு. நான்தான் ஒட்டினேன். அதுக்கப்புறம் எனக்கு வேலை வரல" என்று முடித்தார். அதற்கும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் நின்றதற்கு இன்னும் சிரித்தார்கள்.

இயக்குநரின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அரங்கம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கத் தெரியாதவர் அல்ல அவர். எழுந்து வந்து ஒட்டின் தோளில் கை போட்டார். "எப்படி? தேடிப் பிடிச்சேன் இவரை. முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சா பாருங்க! அதான் நடிப்பு."

திரும்பும்போது பஸ்ஸில் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "அப்பா, அந்தப் பேச்சு... அவர் எழுதிக் குடுத்தாரா, நீங்களே எழுதினீங்களா?"

ஒட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வருஷம் சங்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். "சார், போன வருஷம் பண்ணீங்களே அந்த எடிட்டர் வேஷம். எல்லாரும் கேக்கறாங்க." மனைவி வாசலிலேயே மறித்து, "அவரு எடிட்டர் வேஷம் போடல, மனுஷன் வேஷம் போட்டுக்கிட்டிருக்காரு, விடுங்க" என்றார். வந்தவர்கள் அதற்கும் கைதட்டினார்கள். ஒட்டு போனார். இரண்டாவது தடவையாவது நம்பமாட்டார்களா என்றுதான் போனார். சத்தியமாக அதற்காகத்தான். அதற்கடுத்த வருஷமும் போனார்.

மூன்றாவது தடவையில் அவர் ஒன்றைக் கவனித்தார். கவனிக்காமல் இருக்க முடியாது, தொழில் அப்படி. லேபில் லீவு போட்டவர் பற்றிச் சொல்லும்போது பின்வரிசை செல்போனைப் பார்க்கிறது. அந்த இடம் இழுக்கிறது. வெட்டினார். மின்விசிறிக்கு அப்புறம் ஒரு மூச்சு விட்டு டீயைச் சொன்னால் சிரிப்பு இரண்டு மடங்கு. விட்டார். "நான்தான் ஒட்டினேன், அது என் தப்பு" என்ற இடத்தில் முதல் வருஷம் வந்த சிரிப்பு இப்போது வருவதில்லை. பழகிவிட்டது. அந்த வரி வந்தால் கூட்டம் இறங்குகிறது, இறங்கிய கூட்டத்தை மறுபடி ஏற்றுவது பெரும்பாடு. நாலாவது வருஷம் அதை எடுத்துவிட்டார். தடவிப் பார்த்தாலும் தடம் தெரியவில்லை. பேச்சு ஓடுகிற நேரம் நாலு நிமிஷம் பதினொரு நொடிக்கு வந்து நின்றது. கூட்டம் அதற்கும் கைதட்டியது.

அந்த வருஷக் கடைசியில், தகர டப்பா தபாலில் திரும்பி வந்தது. ரீல் இல்லை. டப்பா மட்டும். ரீல் எங்கே என்று கேட்டதற்கு, வேலை முடிந்ததும் கழித்துவிட்டதாகப் பதில். மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஊசி நூல் போட்டுவைக்க ஆகும் என்று டப்பாவைத் துடைக்க எடுத்தாள். மூடியின் உள்பக்கம் பழுப்பேறிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. அப்பாவின் கையெழுத்து. 'ரீல் 6. பாட்டு வரவில்லை. வேஸ்ட் 376 அடி ஒட்டியுள்ளேன். குறி போடவில்லை, டைரக்டர் வேண்டாம் என்றார். பாட்டு வந்ததும் எடுக்கவும்.' கீழே தேதி. அவள் பிறப்பதற்கு முந்தைய தேதி.

மூடியோடு அப்பாவிடம் வந்தாள். அழுதிருந்தாள். "என்னை மன்னிச்சிடுங்கப்பா. இந்தத் தடவை நான் முன்னால உக்கார்றேன். நீங்க இதைக் கையில வச்சுக்கிட்டு, சிரிக்க விடாம, நேரா சொல்லுங்க. நீங்கதான் ஒட்டினீங்கன்னு சொல்லுங்க. நான் எழுந்து நின்னு ஆமாம்னு சொல்றேன்."

ஒட்டு மூடியை வாங்கிப் பார்த்தார். "சரிம்மா" என்றார். அவர் ஆசைப்பட்டது அதுதானே. வேறென்ன சொல்வார்?

அடுத்த காட்சி ஞாயிறன்று மகள் முதல் வரிசை நடுவில் உட்கார்ந்தாள். பனியன் இல்லை. ஒட்டு மேடையேறினார். கையில் மூடி. கழிவுக் கூடையைச் சொன்னார், சிரிப்பு. பென்சிலைச் சொன்னார், சிரிப்பு. மின்விசிறி, ஒரு மூச்சு, டீ. அரங்கம் குலுங்கியது. அடங்கியதும், அந்த வரி இருந்த இடம் வந்தது. மகள் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள், எழுந்திருக்கத் தயாராக. ஒட்டு அவளைப் பார்த்தார். பின்னால் இருட்டில் ஐந்நூறு பேர் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பதையும் பார்த்தார். கல்யாண வீடியோவில் இருபது வருஷம் வாய்களையே பார்த்த கண்.

மூடியை மெல்லத் தூக்கினார். கையைப் பின்னால் கொண்டுபோய், அதன் விளிம்பால் முதுகைச் சொறிந்துகொண்டார்.

அரங்கம் எழுந்து நின்றது. அப்படியொரு கைதட்டலை இயக்குநரே வாங்கியதில்லை. எல்லோரும் நின்றதால் மகள் உட்கார்ந்தேயிருந்தது மேடையிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல நோட்டை எடுத்தார். எந்த இடம் ஏறியது, எந்த இடம் இறங்கியது என்று குறிப்பு எழுதும் நோட்டு. மகள் அறைக்கதவு சாத்தியிருந்தது. மனைவி சமையலறையிலிருந்து அவரை ஒருமுறை பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மனைவி பேசாமலிருந்தது கல்யாணமான பிறகு அதுதான் முதல் தடவை. ஒட்டு யோசித்து எழுதினார்: 'மூடி நன்று. முதல் வரிசை நடுவில் ஒருவர் சிரிக்கவில்லை. சரி செய்யவும்.'

அடுத்த வருஷம் முதல் வரிசை நடுவில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.